ரப்பர் குழாய்

அன்புள்ள ஐயா,

உங்கள் இஸ்தான்புல் பயணக் குறிப்பில் "தூக்கிலிடப்பட்ட பிரதமரின் பெயரில் ஒரு சாலை" என்று ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு அத்னான் மெந்தெரெஸைப் பற்றி யூடியூபில் நிறையப் பார்த்தேன். ஒருவர் ஜனநாயகத்தின் தியாகி என்கிறார், இன்னொருவர் சர்வாதிகாரி என்கிறார். எது சரி? இப்போதைய ஜனாதிபதி எர்துவான் அவருடைய வாரிசுதானா? நம் தமிழ்நாட்டுத் தலைவர்களில் யாரோடு அவரை ஒப்பிடலாம்? எனக்குத் தோன்றுவது இது: அவர் மதத்தை அரசியலுக்குள் கொண்டுவந்தார், ராணுவம் செய்ய வேண்டியதைச் செய்தது. ஒரு தூக்கு, நாடு தப்பித்தது. நான் சொல்வது சரிதானே?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று இரவுதான் என் மகள் சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னாள். அவள் ஹவுஸ் சர்ஜன். "விஷம் குடிச்சு வர்றவங்களுக்கு இப்பல்லாம் வயித்தைக் கழுவுறது ரொம்பக் குறைஞ்சுபோச்சு அத்தா. எல்லாருக்கும் குழாய் விடுறதில்லை." எனக்கு என் அத்தாவின் ஞாபகம் வந்துவிட்டது. அவர் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். அவரும் மெந்தெரெஸும் என் மனதுக்குள் வெகுநாளாக ஒன்றாகத்தான் கிடக்கிறார்கள். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கேள்விகள்.

ஒப்பிடுகிற வேலை வேண்டாம் தம்பி. உலகத்தில் யாரைப் படித்தாலும் உடனே "நம்ம ஊர்ல இவர் யாரு?" என்று கேட்பது நமக்கு ஒரு வியாதி. அய்தீன் பக்கத்துப் பருத்தி விளையும் மண்ணில் 1899இல் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்து, பெரும் நிலத்துக்குச் சொந்தக்காரராகி, நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்த கையோடு பழைய கட்சியை விட்டு வெளியே வந்து புதுக் கட்சி கண்ட ஒரு மனிதர். அவர் அவராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

எர்துவான் விஷயம் இரண்டு வரி. மெந்தெரெஸின் ஜனநாயகக் கட்சி 27 ஆண்டு கால ஒற்றைக் கட்சி ஆட்சியை ஓட்டுப் பெட்டியால் வீழ்த்திய நாள் 1950 மே 14. எர்துவான் 2023 தேர்தலுக்கு அதே மே 14ஐத் தேர்ந்தெடுத்து, அந்தக் காலத்து "போதும், இனி மக்கள் பேசட்டும்" என்ற கோஷத்தையும் தூசு தட்டி எடுத்தார். வாரிசு என்று அவரே சொல்லிக்கொள்கிறார். செத்தவர் எழுந்து வந்து ஆமாம், இல்லை என்று சொல்லப்போவதில்லை.

"மதத்தை அரசியலுக்குள் கொண்டுவந்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே எனக்குக் கொஞ்சம் கோபம்தான். 1932 முதல் துருக்கியில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கை அரபியில் சொல்லக்கூடாது, துருக்கி மொழியில்தான் சொல்ல வேண்டும். அல்லாஹு அக்பர் கிடையாது, தன்ரி உலுதுர். 1941இல் அதைக் குற்றவியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. எங்கள் தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாருக்கு ஆஸ்துமா. சுபுஹு பாங்கில் இரண்டாவது வரியில் மூச்சு வாங்கும். நாங்கள் பாயில் படுத்தபடியே, அவர் அதைத் தாண்டிவிட்டாரா என்று காது கொடுத்துக் கேட்டிருப்போம். அந்தக் குரல் எந்த மொழியில் வருகிறது என்று கீழே ஒரு போலீஸ்காரர் நின்று கேட்டால் எப்படி இருக்கும்?

1950 ஜூன் 16, வெள்ளிக்கிழமை, நோன்பு தொடங்கப்போகிற நேரம். ஆட்சிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தத் தண்டனையை நாடாளுமன்றம் நீக்கியது. அரபியில்தான் சொல்ல வேண்டும் என்று புதுச் சட்டம் எதுவும் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். துருக்கி மொழியில் சொல்லவும் தடையில்லை. தண்டனையை மட்டும்தான் எடுத்தார்கள். அதுவரை ஆண்டு தோற்றுப்போன இஸ்மெத் இனோனுவின் எதிர்க்கட்சியும் அதை எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. பள்ளிவாசல்கள் எல்லாம் தாமாகவே அரபிக்குத் திரும்பின. மோதினாரின் தொண்டையிலிருந்து அரசாங்கம் கையை எடுத்தது, அவ்வளவுதான். இதற்கு நீங்கள் வைத்த பெயர் மதத்தைக் கொண்டுவந்தது. தொண்டையில் கை வைத்ததற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

சரி, அதற்காக அவரை அவுலியாவாக்கிவிடாதீர்கள். உங்களுக்கு அந்த 'தியாகி' வீடியோ போட்ட ஆள் கிர்ஷெஹிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். 1954 தேர்தலில் கிர்ஷெஹிர்க்காரர்கள் வேறு ஒரு சின்னக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். அதற்கு மெந்தெரெஸ் அரசு என்ன செய்தது தெரியுமா? நம் கணக்கில் சொன்னால், மாவட்டமாக இருந்ததைத் தாலுகாவாக இறக்கி, பக்கத்து ஊரின் கீழே சேர்த்துவிட்டது. மூன்று ஆண்டு கழித்துத்தான் திரும்பக் கொடுத்தார்கள். ஓட்டு மாற்றிப் போட்ட ஊருக்கு நம் ஆட்கள் தண்ணீர் லாரி விடாமல் இருப்பார்கள். இவர் மாவட்டத்தையே பிடுங்கிவிட்டார். (பார்த்தீர்களா, ஒப்பிடாதே என்று சொல்லிவிட்டு நானே ஒப்பிட்டுவிட்டேன்.)

கிர்ஷெஹிரையாவது சிரித்துக்கொண்டே சொல்லலாம். 1955 செப்டம்பர் 6 அப்படியில்லை. கிரேக்க நாட்டுச் சலோனிகாவில், துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் பிறந்த வீட்டில் குண்டு வெடித்தது என்ற சேதி பரவியதும், இஸ்தான்புல்லில் கிரேக்கர்களின் கடைகள்மேல் கூட்டம் பாய்ந்தது. ஆயிரக்கணக்கான கடைகள், 70க்கும் மேற்பட்ட தேவாலயங்கள். இஸ்திக்லால் தெருவில் கடைகளிலிருந்து இழுத்துப்போட்ட துணிச் சுருள்கள் தரை தெரியாமல் கிடக்கிற ஒரு போட்டோ இருக்கிறது. யாரோ மடிப்புக் கலையாமல் அடுக்கி வைத்திருந்த துணி அது. கூட்டத்தைத் திரட்டிய சங்கத்துக்கு அரசாங்கத்தின் அரவணைப்பு இருந்தது. அதன் பிறகு பத்திரிகையாளர்களுக்குச் சிறை. 1960 ஏப்ரலில் எதிர்க்கட்சியை விசாரிக்க ஒரு கமிஷன். 15 பேர், அத்தனை பேரும் சொந்தக் கட்சிக்காரர்கள். பத்திரிகையை நிறுத்தலாம், ஆளை உள்ளே போடலாம்.

ஆக, தியாகியா சர்வாதிகாரியா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: 1950இல் நான் அங்கே இருந்திருந்தால் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். 1957இல் போட்டிருக்க மாட்டேன்.

நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். 1954இல் நூற்றுக்கு 57 பேர் அவர் பக்கம் இருந்தார்கள். 1957இல் அது 48க்கும் கீழே வந்துவிட்டது. மழை பொய்த்தது, டிராக்டர்கள் இருந்தும் கோதுமைக் கணக்கு தலைகீழானது, 1958இல் லிராவின் மதிப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. அடுத்த தேர்தல் 1961க்குள் வந்தாக வேண்டும். ஜனங்கள் இறக்கியிருப்பார்கள், அல்லது இன்னொரு தடவை பொறுத்துக்கொண்டிருப்பார்கள். அது அவர்கள் பாடு. 1960 மே 27 விடிகாலையில் ராணுவம் புகுந்து பிடுங்கியது மெந்தெரெஸின் நாற்காலியை மட்டுமல்ல, அவரைத் தோற்கடிக்கிற உரிமையையும்தான். இதைத்தான் நீங்கள் "செய்ய வேண்டியதைச் செய்தது" என்கிறீர்கள்.

மர்மரா கடலில் யஸ்ஸியடா என்றொரு மொட்டைத் தீவில் விசாரணை. முதல் வழக்கு எது தெரியுமா? நாய் வழக்கு. ஆப்கானிஸ்தான் மன்னர் ஜனாதிபதி ஜெலால் பயாருக்கு ஒரு வேட்டை நாயைப் பரிசாகக் கொடுத்தார். பயார் அதை அங்காரா மிருகக்காட்சிசாலைக்கு விற்று, அந்தப் பணத்தில் ஒரு கிராமத்தில் தண்ணீர்க் குழாய் கட்டினார். அது ஊழல். அப்புறம் குழந்தை வழக்கு. மெந்தெரெஸுக்கும் ஓர் ஓபரா பாடகிக்கும் பிறந்த சிசுவை அவர் கொல்லச் சொன்னார் என்று குற்றச்சாட்டு. அந்தப் பெண்ணைக் கூண்டில் ஏற்றி, ஊர் முன்னால் கேள்வி கேட்டு, கடைசியில் மெந்தெரெஸ் குற்றவாளி இல்லை என்று விட்டார்கள். தீவில் நடந்ததைத் தினமும் ரேடியோவில் போட்டார்கள். செப்டம்பர் கலவர வழக்கும் நடந்தது, அதில் தண்டனையும் கொடுத்தார்கள். ஆனால் அந்தத் துணிக்கடைக்காரரின் நியாயம் நாய்க்கும் தொட்டிலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நசுங்கியது. இப்போது யாராவது 1955ஐப் பற்றிப் பேசினால், "அது புரட்சிக்காரர்களின் கோர்ட் சொன்னது" என்று தட்டிவிட முடிகிறது.

இப்போது என் அத்தா.

அறுபதுகளில் எங்கள் பக்கத்தில் அரளி விதை சாதாரணம். அப்புறம் பூச்சிமருந்து வந்தது. கட்டை வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். சிவப்பு ரப்பர் குழாய், மேலே ஒரு புனல், கீழே எனாமல் பேசின். இரண்டு பேர் தோளைப் பிடிக்க, அத்தா தாடையைத் திறந்து குழாயை விடுவார். உப்புத் தண்ணீர் போகும், வரும், போகும், வரும், தெளிவாக வருகிற வரை. முடிந்ததும் குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவார். சாயந்திரம் சோறு கொண்டுபோகிறபோது அது சொட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பிழைத்தவர்கள் கண் விழித்ததும் முதலில் அவரைத்தான் திட்டுவார்கள், எதுக்குய்யா காப்பாத்துனே என்று. அவர் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

1961 செப்டம்பர் 15 தீர்ப்பு. 15 பேருக்கு மரணம். அதில் மூன்று பேரை மட்டும் தூக்கிலிட ராணுவக் குழு ஒப்புதல் கொடுத்தது. வயதைக் காட்டிப் பயாரை விட்டுவிட்டார்கள். வெளிநாட்டுத் தலைவர்கள் வேண்டாம் என்று கேட்டார்கள். வாழ்நாள் எதிரி இனோனுவே தூக்கில் போடாதீர்கள் என்று கடிதம் எழுதினார். வெளியுறவு மந்திரி ஸோர்லுவையும் நிதி மந்திரி பொலாட்கானையும் 16ஆம் தேதி இம்ராலித் தீவில் தூக்கிலிட்டார்கள். மெந்தெரெஸை அன்று முடியவில்லை. சேர்த்து வைத்திருந்த தூக்க மாத்திரைகளை விழுங்கிவிட்டு நினைவில்லாமல் கிடந்தார். டாக்டர்கள் ஓடி வந்தார்கள். வயிற்றைக் கழுவினார்கள். பிழைக்க வைத்தார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று மருத்துவக் குழு எழுதிக் கொடுத்தது. 17ஆம் தேதி மதியம் வெள்ளை அங்கி மாட்டித் தூக்கில் போட்டார்கள்.

அத்தாவுக்குத் துருக்கி அரசியல் எதுவும் தெரியாது. பேப்பரில் படித்த அந்த ஒரு சேதி மட்டும் அவரை விடவே இல்லை. நான் கல்லூரிக்குப் போன பிறகும் கேட்டிருக்கிறார். "குழாய் விடுறது பொழைக்க வைக்கத்தானேடா? அந்த ஆளு என்ன நெனச்சுக்கிட்டுக் குழாயைப் புடிச்சிருப்பான்?" அந்த ஆளு என்று அவர் சொன்னது மெந்தெரெஸை அல்ல, அந்தக் கம்பவுண்டரை.

இரண்டரை வருஷம் முன்னால், 1959 பிப்ரவரியில், இதே மனிதர் சைப்ரஸ் ஒப்பந்தத்துக்காக லண்டன் போனபோது கேட்விக் பக்கத்தில் மூடுபனியில் விமானம் விழுந்தது. 14 பேர் செத்தார்கள். பக்கத்தில் குடியிருந்த ஒரு நர்ஸ் இவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொண்டார். இரண்டு நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அல்லாஹ்வே காப்பாற்றிய ஆள் என்று ஊர் திரும்பியபோது குர்பானி கொடுத்தார்கள். அத்தாவிடம் இதை நான் சொன்னேன். "அவ நர்ஸு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

நாடு தப்பித்தது என்றீர்களே. தூக்கில் போட்டு 28 நாளில் தேர்தல். புதிதாக முளைத்த நீதிக் கட்சி, கலைக்கப்பட்ட கட்சியின் ஆட்களை வைத்துக்கொண்டு 34 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. 1965இல் பாதிக்கு மேல் வாங்கித் தனியாகவே ஆட்சியில் உட்கார்ந்தது. 1971இல் மறுபடி ராணுவம், 1980இல் மறுபடி. நடுவில் 1972இல், தெனிஸ் கெஸ்மிஷ் முதலான மூன்று இடதுசாரி இளைஞர்களைத் தூக்கிலிட நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தபோது, வலதுசாரி வரிசைகளிலிருந்து "எங்களில் மூன்று, உங்களில் மூன்று" என்று குரல் எழுந்ததாகச் சொல்வார்கள். மெந்தெரெஸின் கயிற்றுக்கு இப்படித்தான் கணக்குத் தீர்த்தார்கள். நீங்கள் ஒரு தூக்கு என்று எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தச் சாலையைப் பற்றி நான் ஒரே வரியில் கடந்துபோனது தப்புதான். அது மெந்தெரெஸே பழைய தெருக்களை இடித்துப் போட்ட அகலச் சாலை. வத்தன் சாலை என்றால்தான் டாக்ஸிக்காரருக்குத் தெரிகிறது. அதன் கோடியில், கோட்டைச் சுவரை ஒட்டி, 1990இல் துர்குத் ஒஸால் மூன்று பேரையும் தீவிலிருந்து கொண்டுவந்து அடக்கினார். மூன்று கல்லறைக்கும் முன்னால் நின்று ஃபாத்திஹா ஓதினேன். 1955ஐ நினைத்துக்கொண்டேதான் ஓதினேன். ஒரு வேளை அவருக்கு ஓட்டுச்சாவடியில் தோற்கிற வாய்ப்பைக் கொடுத்திருந்தால், அய்தீனில் பருத்தி பார்த்துக்கொண்டு வயதாகி, எல்லாரிடமும் திட்டு வாங்கிச் செத்திருப்பார். நானும் அங்கே நின்று கையேந்தியிருக்க மாட்டேன்.

அன்று இரவு மகளிடம் இந்த 17ஆம் தேதிக் கதையைச் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் அடுப்படி வாசலில் நின்று, "டிஸ்சார்ஜ் சம்மரியில என்னன்னு எழுதியிருப்பாங்க அத்தா?" என்றாள்.

அன்புடன்.