டெலிகிராமில் விலைக்கு வரும் பூப்பந்து ஆடுகளத்தை வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரின் ஈசூனில் குடியிருக்கிறோம். பள்ளியில் படிக்கும் எங்கள் இரு பிள்ளைகளும் சனிக்கிழமைகளில் பூப்பந்து விளையாட ஆசைப்படுகிறார்கள். பொது விளையாட்டு அரங்குகளை முன்பதிவு செய்யும் ஆக்டிவ்எஸ்ஜி செயலியைத் திறந்தால் எப்போதும் இடம் நிரம்பியிருக்கிறது. டெலிகிராமில் ஒருவர், அரங்கக் கட்டணத்தைப்போல் மூன்று மடங்கு கொடுத்தால் ஒரு மணி நேர ஆடுகளத்தைத் தருவதாகச் சொல்கிறார். அரசாங்க இணையச் சேவைகளுக்கான என் சிங்பாஸ் அடையாள விவரங்களைக் கொடுத்தால் வாராவாரம் எனக்காக முன்பதிவு செய்து தருவதாகவும் சொல்கிறார். இதற்கு ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: இரண்டுக்குமே ஒப்புக்கொள்ளாதீர்கள், அம்மா. இரண்டாவதைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் அதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது.

சிங்பாஸ் என்பது ஆடுகளத்திற்கான சாவி மட்டுமன்று. உங்கள் மத்திய சேமநிதி, வருமான வரி, மருத்துவக் குறிப்புகள் ஆகிய அனைத்திற்கும் அதுவே வாசல். முகம் தெரியாத ஒருவருக்கு அதைத் திறந்துவிட்டால், அவர் உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கினாலும் உங்களுக்குத் தெரியவராது. கணினி முறைகேட்டுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்ட பிறகு, சிங்பாஸ் விவரங்களை முன்பின் அறியாதவரிடம் ஒப்படைத்து, அது குற்றத்திற்குப் பயன்பட்டால், கொடுத்தவரும் வழக்கை எதிர்நோக்க நேரிடலாம். விரைவுத் தகவல் குறியீட்டை (கியூஆர்) அனுப்பி, "ஒரு முறை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள், போதும்" என்று அவர் கேட்டாலும் இணங்காதீர்கள்.

இனி, விலைக்கு வாங்குவதைப் பார்ப்போம். முன்பதிவு யார் கணக்கில் செய்யப்பட்டதோ அவருக்கே உரியது. அதை மற்றவருக்கு விற்பதை ஆக்டிவ்எஸ்ஜி விதிகள் அனுமதிக்கவில்லை. அரங்க ஊழியர் அடையாள அட்டையைக் கேட்டு, முன்பதிவில் உள்ள பெயரும் உங்கள் பெயரும் வேறாக இருந்தால், மட்டையும் கையுமாக வந்து நிற்கும் பிள்ளைகளுடன் நீங்கள் வீடு திரும்ப வேண்டியதுதான். ஓர் அரங்கின் வாயிலில் அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். விற்றவர் அதற்குள் தம் டெலிகிராம் பெயரை மாற்றிவிட்டார். பேநவ் எனும் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியே போன பணம் போனதுதான்.

இந்த வணிகம் ஏன் நிற்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எல்லா அரங்குகளிலும் எல்லா நேரமும் அடையாளம் சரிபார்க்கப்படுவதில்லை. அந்த இடைவெளியில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். தானியங்கி மென்பொருளை வைத்து, ஆடுகளங்கள் திறந்த சில விநாடிகளில் அள்ளிக்கொள்வது பற்றி நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. விதியை மீறுவோரின் கணக்கு முடக்கப்படும் என்று அறிவிப்பது எளிது. சனிக்கிழமை காலையில், செயலியில் நிரம்பிவிட்டதாகக் காட்டும் அரங்கில் இரண்டு ஆடுகளங்கள் யாருமின்றிக் கிடப்பதைப் பார்க்கும்போது, வாயிலில் ஒருவரை நிறுத்திப் பெயரைச் சரிபார்ப்பதற்கு இத்தனை ஆண்டுகள் ஏன் போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரே ஒரு விதிவிலக்கை இங்கே விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அதைக் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் மைத்துனர் தம் கணக்கில் முன்பதிவு செய்து, தாமும் நேரில் வந்து, உங்கள் பிள்ளைகளுடன் சேர்ந்து விளையாடினால் அதில் தவறேதும் இல்லை. கட்டணத்தில் உங்கள் பங்கை அவருக்குக் கொடுத்தாலும் அது விற்பனையாகாது. ஆனால் அவர் வீட்டில் இருந்துகொண்டு உங்களை மட்டும் அனுப்பினால் நிலைமை மாறிவிடும். அவருக்குத் திடீரெனக் காய்ச்சல் வந்துவிட்டால் என்ன செய்வது என்றால், அன்றைக்கு ஆட்டத்தை விட்டுவிடுவதே நல்லது. வாயிலில் நின்று உறவுமுறையை விளக்கிப் பயனில்லை. ஆகவே, முன்பதிவு செய்தவர் வருகிறாரா என்பதை மட்டும் பாருங்கள்.

நேர்வழிகளும் இருக்கின்றன. செம்பவாங்கின் புக்கிட் கன்பராவையும் ஈசூன் விளையாட்டு மண்டபத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் சனிக்கிழமை காலையில் இடம் கிடைப்பது கடினம். அதே செயலியில் பள்ளி மண்டபங்களும் இருக்கின்றன. பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் அந்த மண்டபங்களைப் பலர் தேடிப் பார்ப்பதே இல்லை. சமூக மன்றங்களின் ஆடுகளங்கள் வேறு வரிசை. அவற்றுக்கு மக்கள் கழகத்தின் ஒன்பிஏ தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பள்ளி விடுமுறையில் வார நாள் காலை நேரங்களில் முயன்று பாருங்கள். 2025இல் சிங்கப்பூரின் 60ஆம் ஆண்டையொட்டிக் குடிமக்களான உறுப்பினர்களுக்குக் கிடைத்த 100 வெள்ளி ஆக்டிவ்எஸ்ஜி நிதி உங்கள் கணக்கில் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது அரங்கக் கட்டணத்திற்குப் பயன்படும், இடைத்தரகருக்குக் கொடுக்கப் பயன்படாது.

உங்கள் பிள்ளைகள் இப்போதுதான் தொடங்குகிறார்கள் என்றால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புப் பேட்டைகளில் உள்ள திறந்தவெளி ஆடுகளமே போதும். அதற்குக் கட்டணமும் இல்லை. மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு, இறகுப் பந்துக்குப் பதிலாக நைலான் பந்தை எடுத்துச் செல்லுங்கள். காற்றை ஓரளவு தாங்கும்.

அந்த நபருக்கு ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே வங்கியை அழையுங்கள். உரையாடலை அழிக்காமல் படமெடுத்து வைத்துக்கொண்டு, 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணில் ஆலோசனை கேளுங்கள். சிங்பாஸ் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வங்கியை அழைப்பதற்கும் முன்னதாக அதை மாற்றிவிடுங்கள்.