அலுவலகத்தில் கிறிஸ்தவ விசுவாசத்தை மறைக்காமலும் பிறரை உறுத்தாமலும் முன்மாதிரியாக வாழ்வது எப்படி?

இயேசுவின் மலைப்பிரசங்கத்தில் இதற்கு இரண்டு பதில்கள் உள்ளன. மேலோட்டமாக வாசித்தால் அவை ஒன்றோடொன்று மோதும். மத்தேயு 5:16, மனுஷர் நம் நற்கிரியைகளைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்தும்படி நம் வெளிச்சம் பிரகாசிக்க வேண்டும் என்கிறது. 6:1, மனுஷர் காணவேண்டுமென்று தர்மம் செய்யாதபடி எச்சரிக்கிறது. செயல் வெளியே தெரிகிறதா என்பதை விட, அதனால் வரும் பெயர் யாரைச் சேருகிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்பதில்தான் வேறுபாடு இருப்பதாக நான் புரிந்துகொள்கிறேன்.

நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். ஆயினும் இதற்கு நான் சுட்டும் முன்மாதிரி கத்தோலிக்கப் புனிதரான தேவசகாயம். 1712இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அலுவலராக இருந்தவர். இழப்புகளால் மனம் தளர்ந்திருந்த அவருக்கு, 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்த டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், எல்லாவற்றையும் இழந்தும் விசுவாசத்தை விடாத வேதாகம மனிதர் யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்பது மரபு. துயரத்தில் இருந்த நண்பருக்கு ஆறுதலாகவே அந்தப் பேச்சு தொடங்கியது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம், சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் சமமாகப் பழகியதும் அவர்மீது பகை மூண்டதற்கு ஒரு காரணம். 1749இல் சிறைப்பட்டார், 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

நம் அலுவலகத்தில் யாரும் உயிரைக் கேட்கப் போவதில்லை. பொய்யான பயணப்படிப் பட்டியலில் கையெழுத்திட மறுத்தால் ஒரு பதவி உயர்வு தள்ளிப்போகலாம். துப்புரவுப் பணியாளரோடு ஒரே மேசையில் உண்டால் சிலர் முகம் சுளிக்கலாம். மேசையில் வசன அட்டை வைப்பது தவறன்று. ஆனால் அட்டைக்குக் கீழே கோப்பு வாரக்கணக்கில் தூங்கினால், அந்த வசனத்தை யாரும் மதித்து வாசிக்கமாட்டார்கள். (வாட்ஸ்அப் குழுவில் அன்றாடம் காலை வசனம் அனுப்புவோருக்கும் இது பொருந்தும்.)

யாராவது காரணம் கேட்டால் மழுப்ப வேண்டியதில்லை. நம்மிலுள்ள நம்பிக்கையைக் குறித்து விசாரிப்பவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி 1 பேதுரு 3:15 கூறுகிறது. கேட்டவருக்கு வேண்டிய அளவு சொன்னால் போதும். ஆனால் நீங்கள் மேலதிகாரியாக இருந்தால், உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களை ஜெபக்கூட்டத்துக்கு நீங்களாக அழைக்காதீர்கள். உங்கள் அழைப்பை மறுக்கும் சுதந்திரம் அவர்களுக்கு உண்மையில் இல்லை. வருபவர் விரும்பி வந்தாரா, பயந்து வந்தாரா என்பதை உங்களால் அறியவும் முடியாது.