அடுத்தவர் எண்ணில் ஓடலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்துக்காரன், வயது 26. அப்பா ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்குப் போகிறார். மும்பை மாரத்தானில் முழுத் தூரம் ஓட ஆசை. இந்த முறையும் பதிவு முடிந்துவிட்டது. அங்கே இருக்கும் நண்பருக்கு முழங்கால் வலி. கட்டிய பணத்தைக் கொடுத்தால் தன் பிப்பை, அதாவது மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை, தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? வீட்டில் மதுரைக்கு வேலை விஷயமாகப் போவதாகச் சொல்லிக்கொள்வேன்.

பதில்: தம்பி, பிப்பை விடுங்கள். போகிறபோக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் என்னை உறுத்துகிறது.

ஜனவரி மூன்றாம் ஞாயிறு 42.195 கிலோமீட்டர் ஓடுவீர்கள். மார்பில் நண்பரின் எண். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று பதிவில் இருப்பதும் அவர் வீட்டு நம்பர். முக்கால் தூரத்துக்கு மேல் ஓடிக் களைத்தபிறகு பெடர் ரோடு மேடு வரும். அங்கே நீங்கள் சுருண்டு விழுந்தால் போன் யாருக்குப் போகும்? நண்பரின் மனைவிக்கு. உங்கள் அம்மாவோ, பிள்ளை மதுரையில் இருக்கிறான் என்று உலை வைத்துக்கொண்டிருப்பார்.

அப்பாவின் படகு மீன்துறை டோக்கன் வாங்காமல் கடலுக்குப் போகுமா? யார் போயிருக்கிறார்கள் என்று கரைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? படகு வரத் தாமதமானால் பெண்கள் பதறுவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அந்த வீட்டிலிருந்து பொய் சொல்லிக் கிளம்ப எப்படி மனசு வந்தது? 26 வயசில் அனுமதி கேட்க வேண்டாம், சரி. போகிற இடத்தைச் சொல்லிவிட்டுப் போவது எந்த வயசிலும் பிள்ளையின் கடமை.

பிப்பைக் கைமாற்ற விதியில் இடமில்லை. வாங்காதீர்கள். தொண்டு நிறுவனம் வழியாக நிதி திரட்டியும் இடம் பெறலாம், ஆனால் பெரிய தொகை ஆகும். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு வீட்டில் சேர்த்து வைத்ததில் மட்டும் கை வைக்காதீர்கள். முதலில் சென்னை மாரத்தான் ஓடி, எவ்வளவு நேரத்தில் ஓடி முடித்தீர்கள் என்று காட்டும் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, மும்பைக்குப் பதிவு திறக்கும் அன்றே போட்டுவிடுங்கள். மேடு ஏறிப் பழகப் பாம்பன் சாலைப் பாலம் இருக்கிறது. 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், எதிர்க்காற்றும் சேர்த்தே கிடைக்கும். லாரிகளைப் பார்த்து ஓடுங்கள்.

இன்று ராத்திரியே வீட்டில் சொல்லுங்கள். அப்பா திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை பதிவு செய்யும்போது அவசர எண்ணாக அம்மாவின் நம்பரைப் போடுங்கள்; அப்பா கடலில் இருந்தால் சிக்னல் கிடைக்காது.