கேள்வி பதில்: கிராஃப்ட் பீரும் தோட்டத்துக் கள்ளும்

கேள்வி: அண்ணே, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன் ‘கிராஃப்ட் பீர்’ வாங்கி வந்தான். விலை அதிகம். அப்படி என்ன வித்தியாசம்? – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: சின்ன ஆலையில், காய்ச்சுபவரே சுவையை முடிவு செய்து, கொஞ்சமாக வடிப்பதுதான் தம்பி அது. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ), ஈஸ்ட் (நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்), தண்ணீர் இவை பெரும்பாலான பீருக்குப் பொது. பெரிய ஆலைகள் பல அரிசியோ சோளமோ கலக்கும். சின்ன ஆலைக்காரர் மால்ட்டையும் ஹாப்ஸையும் தாராளமாகப் போடுவார். விலை அங்கேதான் ஏறுகிறது.

நம்ம தோட்டத்துக் கள்ளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் அப்பா ரப்பர் பால்வெட்டு முடித்துக் கள்ளுக்கடைக்குப் போவார். காலையில் இறக்கிய கள் இனிக்கும், மாலையில் புளித்துவிடும். காற்றிலும் கள் இறக்கும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட் செய்யும் வேலை அது. பீர் காய்ச்சுபவர் பெரும்பாலும் தமக்கு வேண்டிய ஈஸ்டைத் தாமே தேர்ந்தெடுக்கிறார்.

இந்தச் சின்ன ஆலைப் பீர் அமெரிக்காவில் வளர்ந்த கதையையும் கேளுங்கள். 1965இல் ஃபிரிட்ஸ் மேடாக் என்பவர், நொடித்துப்போகும் நிலையில் இருந்த சான் பிரான்சிஸ்கோ ஆங்கர் பீர் ஆலையைக் கையிலெடுத்தார். 1976இல் ஜாக் மெக்காலிஃப், கழித்துப்போட்ட பால்பண்ணைத் தொட்டிகளை வைத்தே கலிபோர்னியாவில் நியூ ஆல்பியன் ஆலையைக் கட்டினார். என் மனத்தில் நிற்பவர் அவர்தான். சில ஆண்டுகளில் அது மூடப்பட்டாலும், அதைப் பார்த்துத் தொடங்கியவர்கள் உண்டு. 1978இல் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதிக்கும் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். வீட்டு அடுப்பில் பழகியவர்கள் பின்னர் ஆலை வைத்தார்கள்.

அடுத்த முறை மகன் வாங்கி வந்தால் கிளாசில் ஊற்றி முதலில் முகர்ந்து பாருங்கள். சில ஹாப்ஸில் ஆரஞ்சுத் தோல் வாசம் வரும்.