ரபுன்ஸெலின் உடை ஏன் இறுகியது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏழு வயது மகளுக்குப் படித்துக்காட்ட கிரிம் சகோதரர்களின் கதைகளை முழுத் தொகுப்பாக வாங்கினேன். சிண்ட்ரெல்லாவில் அக்காக்காரி காலணிக்குள் கால் நுழையவில்லை என்று கட்டைவிரலையே வெட்டிக்கொள்கிறாள். கடைசியில் புறாக்கள் வந்து கண்ணைக் கொத்துகின்றன. புத்தகத்தை மூடி பரண்மேல் போட்டுவிட்டேன். இதையெல்லாம் குழந்தைகளுக்கென்றா எழுதினார்கள்? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: 'குழந்தைகளுக்கும் வீட்டுக்குமான கதைகள்' என்று தலைப்பில் குழந்தைகள் இருக்கிறார்களே தவிர, 1812-ல் வந்த முதல் தொகுதி குழந்தைகள் கையில் கொடுக்கிற மாதிரி இல்லை. யாகோப், வில்ஹெல்ம் என்ற அந்த ஜெர்மானியச் சகோதரர்கள் இருவருமே மொழி ஆராய்ச்சிக்காரர்கள். புத்தகத்தில் படம் கிடையாது, ஆனால் ஆராய்ச்சிக் குறிப்புகள் உண்டு. அதை நம்பி வாங்கிய பெற்றோர்கள் உங்களைப் போலவே திடுக்கிட்டார்கள், புகார் கிளம்பியது. அப்புறம்தான் வில்ஹெல்ம் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1857-ல் ஏழாம் பதிப்பு வரும்வரை அவர் திருத்துவதை நிறுத்தவே இல்லை.

என்ன திருத்தினார் என்பதுதான் வேடிக்கை. முதல் பதிப்பில் கோபுரத்தில் அடைபட்டு, நீளக் கூந்தலைக் கயிறாக இறக்கி ஆளை மேலே ஏற்றும் ரபுன்ஸெல், தன்னை வளர்ப்பவளிடம், "என் உடையெல்லாம் ஏன் இப்படி இறுகிக்கொண்டே போகிறது, போடவே முடியவில்லையே" என்று வெகுளியாகக் கேட்கிறாள். இளவரசன் ரகசியமாக வந்துபோனதன் பலன், வேறென்ன! இது ஆகாது என்று ஆனதும், 'உங்களை மேலே தூக்குவது இளவரசனைத் தூக்குவதைவிடக் கனமாக இருக்கிறதே' என்று அவள் உளறி மாட்டிக்கொள்வதாக மாற்றிவிட்டார். ஆனால் கதைக் கடைசியில் அவளிடம் இரட்டைக் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களை எடுக்க மறந்தாரோ மனம் வரவில்லையோ, இன்றைக்கும் இருக்கிறார்கள். முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாயேதான், 1819-ல் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள்.

நீங்கள் பயந்த அந்தப் புறா விஷயம் 1812-ல் இல்லவே இல்லை. கட்டைவிரலை வெட்டுவது இருந்தது, கண்ணைக் கொத்துவது 1819 பதிப்பில்தான் சேர்ந்தது. அதாவது புத்தகத்தைக் குழந்தைகளுக்கு ஏற்றதாக ஆக்கத் தொடங்கிய பதிப்பில்! கர்ப்பம் கூடாது, ரத்தம் பரவாயில்லை, அது கெட்டவர்களுக்குத் தண்டனையாக வந்தால். எனக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. ஆனால் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்குங்கள். தவளை இளவரசனில் தொடங்கிப் பாருங்கள். கிரிம் கதையில் முத்தமெல்லாம் கிடையாது, அந்தப் பெண் எரிச்சலில் தவளையைத் தூக்கிச் சுவரில் ஓங்கி அடிக்கிறாள், அது இளவரசனாகிறது. உங்கள் மகள் சிரிப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: அவர்கள் ஊர் ஊராக நடந்து, குடியானவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதியதாகப் படித்தேனே, உண்மையா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. கதைகள்தான் ஜெர்மனியின் காஸல் நகரில் அவர்களைத் தேடி வந்தன. பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் வில்டின் பெண்கள் சொன்னார்கள். அதில் டொரோத்தியாவை வில்ஹெல்ம் பிறகு கல்யாணமே செய்துகொண்டார். ஹாஸன்ஃப்ளூக் குடும்பத்துப் பெண்கள் சொன்னார்கள். அவர்கள் பிரெஞ்சு வம்சாவளி, அதனால் பிரெஞ்சுக் கதைகளும் உள்ளே வந்துவிட்டன. பூட்ஸ் போட்ட பூனை அப்படி வந்ததுதான். 1697-லேயே பெரோ என்ற எழுத்தாளரின் பிரெஞ்சுத் தொகுப்பில் இருந்த கதை என்பதால் அடுத்த பதிப்பில் அதைக் கழற்றிவிட்டார்கள்.

கிராமத்து ஆள் என்று அவர்கள் பெருமையாகக் காட்டியது டொரோத்தியா ஃபீமன் என்ற அம்மாவை. காஸலுக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்த தையற்காரரின் மனைவி, நகரத்துக்கு வந்து காய்கறி விற்றவர். இவரும் சத்திரக்காரரின் மகள், பிரெஞ்சு அகதிகள் வழிவந்தவர், அது வேறு விஷயம். ஆனால் கதைசொல்லி என்றால் இப்படி இருக்க வேண்டும்: முதலில் சரளமாகச் சொல்வாராம், கேட்டுக்கொண்டால் எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிதானமாக மறுபடி சொல்வாராம், நடுவில் ஒரு சொல் மாறிவிட்டால் உடனே தானே திருத்திக்கொள்வாராம். 1815-ல் வந்த இரண்டாம் தொகுதியின் முன்னுரையில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே அவர் இறந்துவிட்டார்.

கேள்வி: அலாவுதீன் அரபு நாட்டுக் கதையா, சீனாக் கதையா? (வாசகி, திருச்சி)

பதில்: கதை சீனாவில் நடப்பதாகச் சொல்லப்படுகிறது, ஆனால் அதில் வருகிற சுல்தானையும் கடைத்தெருவையும் பார்த்தால் சீனாவென்று யாரும் நம்ப மாட்டார்கள். சொன்னவர் ஹன்னா தியாப், சிரியாவின் அலெப்போ நகரத்து இளைஞர். 1709-ல் பாரிஸில், ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சில் கொண்டுவந்துகொண்டிருந்த அந்துவான் கல்லானுக்குச் சொன்னார். கல்லான் கையிலிருந்த அரபுச் சுவடியில் அலாவுதீனும் இல்லை, அலிபாபாவும் இல்லை. தியாப் சொன்னதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்த மனிதர், அச்சிட்ட புத்தகத்தில் அவர் பெயரைப் போடவில்லை. பிற்காலத்தில் தியாப் தானே எழுதிய பயண நினைவுகள் வாட்டிகன் நூலகத்தில் இருக்கின்றன.

கேள்வி: வெளிநாட்டுக்காரர்களைப் பற்றியே சொல்கிறீர்கள். நம் பக்கத்தில் யாரும் தொகுக்கவில்லையா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: கோவில்பட்டியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் நாட்டுப்புறக் கதைக் களஞ்சியத்தை முதலில் வாங்குங்கள், வாய்விட்டுப் படியுங்கள். சொன்னவர்களின் பேச்சு அதில் அப்படியே கேட்கும். ஆண் பெண் சமாச்சாரக் கதைகளை அவர் வில்ஹெல்ம் மாதிரி மழுப்பவில்லை, 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று தலைப்பிட்டுத் தனிப் புத்தகமாகவே போட்டார். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான வழி கிடையாது.

அதற்கு முன்னால், 1880-களிலேயே பண்டித நடேச சாஸ்திரி தென்னிந்தியக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஏ.கே. ராமானுஜன் கன்னடத்தில் கிடைத்த ஹஞ்சி என்ற சிண்ட்ரெல்லா கதையைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் பெண்ணுக்குத் துணை ஒரு மண் முகமூடி. இன்னொன்று, 1868-ல் பம்பாய் கவர்னரின் மகள் மேரி ஃப்ரீர் போட்ட தக்காணக் கதைகள். சொன்னவர் அவர்கள் வீட்டு ஆயா அன்னா லிபராத்தா டிசூசா. கதைகளோடு அந்த ஆயாவின் வாழ்க்கையையும் அவர் சொன்ன மாதிரியே புத்தகத்தில் சேர்த்திருக்கிறார்கள். கல்லான் செய்யாததை இந்த இளம்பெண் செய்தார்.

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, நிறைய கதை சொல்லும். எழுதி வைக்க ஆசை. எப்படித் தொடங்குவது? (வாசகர், மதுரை)

பதில்: எழுத உட்காராதீர்கள், போனில் பதிவு செய்யுங்கள். நோட்டைப் பார்த்ததும் பலர் பாடப்புத்தகத் தமிழுக்குப் போய்விடுவார்கள். பக்கத்தில் ஒரு பேரப்பிள்ளையை உட்காரவையுங்கள், அது ம் கொட்டினால்தான் கதை நகரும். கேட்டதை எழுதும்போது திருத்தாதீர்கள், ராசா பெயர் நடுவில் மாறினால் மாறியபடியே இருக்கட்டும். இன்னொரு நாள் அதே கதையை வேறு மாதிரி சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட வார்த்தை வந்தால் அதையும் எழுதுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லும்போது விட்டுவிட்டால் போயிற்று. ஒவ்வொன்றின் தலையிலும் அப்பத்தா பெயர், ஊர், யாரிடம் கேட்டது, என்றைக்குச் சொன்னது, இவ்வளவும் இருக்க வேண்டும்.