கையில் இருப்பது ஒரே ஒரு மாதிரி, அதற்கு ஏது பரவல்?

கேள்வி: பி.எஸ்சி. முதலாண்டு. என்னிடம் இருப்பது ஒரு மாதிரி (sample), அதற்கு ஒரு சராசரி. அப்புறம் 'மாதிரிச் சராசரிகளின் பரவல்' என்று பாடத்தில் வருகிறதே, அது எங்கே இருக்கிறது?

பதில்: இதைக் கேட்காமலேயே சூத்திரத்தை மனப்பாடம் செய்து பாஸாகிவிடுகிறவர்கள்தான் அதிகம், நீங்கள் கேட்டது நல்லது. அந்தப் பரவலைக் கண்ணால் பார்த்தே தீருவது என்று உட்கார்ந்த ஒருவர் உண்டு. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். ஆலையில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் சின்னச் சின்ன மாதிரிகள், அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிய வேண்டியிருந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இருந்த 3000 கைதிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் ஏற்கெனவே அளந்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றை 3000 அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, ஒவ்வொன்றாக உருவி, நான்கு நான்காகப் பிரித்தார். 750 மாதிரிகள், 750 சராசரிகள். 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வந்த கட்டுரையில் இது இருக்கிறது. கணினி இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு.

அந்த 750 சராசரிகளும் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பதுதான் நீங்கள் தேடும் பரவல். தனி ஆளின் உயரத்துக்குத் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகும் என்ற அளவு) சுமார் ஆறரை செ.மீ. ஆனால் நான்கு பேரின் சராசரி அவ்வளவு அலைபாயாது, நெட்டையும் குட்டையும் சேரும்போது ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆறரையை நான்கின் வர்க்கமூலமான இரண்டால் வகுத்தால் மூன்றேகால், அதுதான் திட்டப்பிழை, அதாவது சராசரிகளின் திட்ட விலக்கம். உங்கள் மாதிரி அந்த 750-இல் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற 749-ஐ நீங்கள் எடுக்கவில்லை, எடுத்திருந்தால் எந்த அளவுக்கு மாறியிருக்கும் என்பதைக் கணக்கு சொல்லிவிடுகிறது.

கேள்வி: பி-மதிப்பு 0.03 என்றால் இன்மை எடுகோள் உண்மையாக இருக்க 3 சதவீதம்தான் வாய்ப்பு என்கிறான் நண்பன். சரியா?

பதில்: இல்லை. இன்மை எடுகோள் என்பது 'விசேஷமாக ஒன்றும் இல்லை, எல்லாம் தற்செயல்' என்ற அனுமானம். அது உண்மை என்று வைத்துக்கொண்டால், கிடைத்த முடிவோ அதைவிடத் தீவிரமானதோ வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி-மதிப்பு. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் எழுதிய தேநீர்ச் சோதனையை எடுத்துக்கொள்வோம். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, டீயா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண். எட்டுக் கோப்பை, வகைக்கு நான்கு, வரிசை கலைக்கப்பட்டிருக்கிறது. பால் முதலில் ஊற்றிய நான்கை அவர் பொறுக்க வேண்டும். எட்டில் நான்கைப் பொறுக்க 70 வழி. அவருக்கு ஒன்றும் தெரியாது, குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார் (இதுதான் இங்கே இன்மை எடுகோள்) என்றால் நான்கும் சரியாக வர 1 வழி, மூன்று சரியாக வர 16, இரண்டுக்கு 36, ஒன்றுக்கு 16, எதுவுமே சரியாக வராமல் போக 1. முழுப் பரவலும் இவ்வளவுதான். நான்கையும் சரியாகச் சொன்னால் பி-மதிப்பு 1/70, அதாவது 0.014.

இந்த 0.014 எப்படி வந்தது? இன்மை எடுகோள் உண்மை என்று முதலிலேயே வைத்துக்கொண்டு போட்ட கணக்கில் வந்தது. அதே எண், அந்த எடுகோள் உண்மையா என்பதற்கான வாய்ப்பையும் எப்படிச் சொல்லும்? வேண்டுமானால் இப்படி யோசியுங்கள்: கோப்பையை வாயில் வைக்காமல், அடுத்த அறையில் உட்கார்ந்தபடியே ஒருவர் நான்கையும் சரியாகச் சொல்லிவிட்டார். பி-மதிப்பு அதே 1/70. ஆனால் அவருக்குச் சக்தி இருக்கிறது என்று நம்பிவிடுவீர்களா?

கேள்வி: பி-மதிப்பு வழக்கமான எல்லையான 0.05-க்கு மேல் வந்தால் 'இன்மை எடுகோள் ஏற்கப்படுகிறது' என்று எழுதலாமா?

பதில்: பல பாடநூல்களில் அப்படித்தான் இருக்கிறது, ஆனாலும் 'நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை' என்றே எழுதுங்கள். அந்தப் பெண் மூன்றைச் சரியாகச் சொன்னார் என்றால், மூன்றுக்கு 16, நான்குக்கு 1 சேர்த்துப் பி-மதிப்பு 17/70, சுமார் 0.24. அதனால் அவருக்கு ருசி தெரியாது என்று ஆகிவிடாது, எட்டுக் கோப்பை போதவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு கோப்பை வைத்து ஆறைப் பொறுக்கச் சொன்னால் 924 வழி. ஒன்று தவறி ஐந்து சரியாக வந்தால்கூட (ஐந்துக்கு 36, ஆறுக்கு 1) 37/924, அதாவது 0.04.