பள்ளி மூடியிருந்த நாள்களில் பிள்ளைகளைத் தவறவிடாமல் இருப்பது எப்படி? கேள்வி பதில்

2020 மார்ச் மாத நடுவில் கொரோனா பரவலால் பள்ளிகள் மூடப்பட்டபோது நான் தர்மபுரி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தேன். அந்த ஆண்டு மே மாதமே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவள். ஓய்வு வயது முதலில் 59 ஆகவும், அடுத்த ஆண்டில் 60 ஆகவும் உயர்த்தப்பட்டதால் அந்தக் காலம் முழுவதும் பொறுப்பில் இருந்தேன். பத்தாம் வகுப்பினர் 2021 ஜனவரி 19 அன்றும் ஒன்பதாம் வகுப்பினர் பிப்ரவரி 8 அன்றும் திரும்பி வந்து, மார்ச் மாதத்தில் மறுபடியும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்; ஆறு முதல் எட்டு வரை படித்த பிள்ளைகளோ 2021 நவம்பர் 1 வரை, அதாவது 19 மாதங்களுக்கு மேல், வகுப்பறைக்குள் வரவே இல்லை. அவ்வளவு நீண்ட காலம் ஒரு பள்ளி தன் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் எப்படித் தொடர்பில் இருந்தது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்): அம்மா, வணக்கம். நாங்களும் அப்போது வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். பாதிப் பிள்ளைகள்கூட அதில் சேரவில்லை. நீங்கள் எங்கிருந்து தொடங்கினீர்கள்?

பதில்: வணக்கம் அம்மா. நாங்களும் குழுவில்தான் தொடங்கினோம், அதுதான் எங்கள் முதல் தவறு. குழுவில் இருப்பவர்கள் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, இல்லாதவர்கள் யார் என்று மூன்று வாரம் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பிறகுதான் வருகைப் பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டே போனோம். மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில் நாங்களே ஏற்றியிருந்த தொலைபேசி எண்களில் பல உயிரோடு இல்லை. சில எண்கள் பக்கத்து வீட்டாருடையவை. ஓர் எண் ஊர்க் கடைக்காரருடையது. அவருக்கே தம் எண் எட்டுப் பிள்ளைகளின் பெயரில் பதிவாகியிருப்பது தெரியாது.

எங்களிடம் ஒன்பது ஆசிரியர்கள். ஆளுக்கு இருபத்தைந்து பிள்ளைகள் என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் நான்கில் ஒன்றை எழுதினோம்: வீட்டிலேயே இருக்கும் ஸ்மார்ட்போன், அப்பா வேலைக்கு எடுத்துப் போய் இரவில் கொண்டுவரும் ஸ்மார்ட்போன், பட்டன் போன், எதுவும் இல்லை. இந்த ஒரு பக்கம் கையில் வந்தவுடன், காலை பத்து மணிக்கு நடத்திய இணைய வகுப்புகளால் பயனில்லை என்பது விளங்கிவிட்டது. ஏனென்றால் இரண்டாம் வகைதான் மிகுதி. பேசும் நேரத்தை இரவு ஏழரைக்கு மாற்றினோம். பட்டன் போன் உள்ள வீடுகளுக்கு வாரத்துக்கு ஒரு முறை நேரடி அழைப்பு. போனே இல்லாத வீடுகளுக்கு, ஊரடங்கு தளர்ந்த பிறகு, முகக்கவசம் அணிந்து வாசலில் நின்று பேசிவிட்டு வந்தோம்.

இரண்டு வாரம் குரல் கேட்காத பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையில் எழுத வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட ஒரே விதி. திங்கட்கிழமை ஆசிரியர்கள் கூடிப் பேசும்போது முதலில் அந்தச் சிவப்புப் பெயர்கள், அதன் பிறகுதான் பாடம்.

கேள்வி (பட்டதாரி ஆசிரியர், சேலம் மாவட்டம்): கல்வித் தொலைக்காட்சி உண்மையிலேயே உதவியதா?

பதில்: ஓரளவு உதவியது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட அந்த அலைவரிசை ஏற்கெனவே இருந்ததால்தான் 2020 ஜூலையில் வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்ப முடிந்தது. போன் இல்லாத பல வீடுகளிலும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. ஆனால் அது ஒருவழிப் பாதை. பிள்ளை பார்த்தானா, புரிந்ததா என்று பெட்டிக்குத் தெரியாது. ஆகையால் அன்றைய பாடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வியை மட்டும் இரவு அழைப்பில் கேட்போம். கேபிள் கட்டணம் கட்ட முடியாமல் இணைப்பு அறுந்த வீடுகள் எவை என்பதும் அந்தக் கேள்வியால்தான் எங்களுக்குத் தெரியவந்தது. பாடநூலில் அச்சிட்டிருந்த கியூஆர் குறியீட்டைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலர். காணொளி பார்க்கும் அளவுக்கு அவர்களிடம் ரீசார்ஜ் இருந்ததில்லை.

கேள்வி (ஒரு தாய், அரூர் பக்கம்): எங்கள் வீட்டில் ஒரே போன். மகன் எடுத்துக்கொண்டால் மகளுக்குக் கிடைக்காது. அப்போது ஒன்பதாவது படித்தாள். பள்ளிக்கூடம் என்ன செய்திருக்க முடியும்?

பதில்: நீங்கள் இதைக் கேட்டது நல்லது அம்மா, ஏனென்றால் உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல இது. எங்கள் பக்கத்தில் பையன் கல்லூரி, பெண் பள்ளி என்றால் போன் பையனிடம்தான் இருக்கும். இருவரும் பள்ளி என்றாலும் பையனிடம்தான். அதனால் பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு நேரம் வைத்து, ஆசிரியைகளே அழைத்து, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, "அவளிடம் கொடுங்கள்" என்று கேட்டோம். டீச்சர் தன்னைத் தேடி அழைக்கிறார் என்றால் வீட்டில் அந்தப் பிள்ளையின் நிலையே சற்று மாறும். பத்து நிமிடமாவது போன் அவள் கைக்கு வரும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2020 ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து, அனைவரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. அந்தச் சூழ்நிலையில் அது சரியான முடிவுதான். ஆனால் தேர்வும் இல்லை, பள்ளியும் இல்லை, கல்யாணச் செலவும் குறைவு, ஐம்பது பேருக்குமேல் கூடவும் கூடாது என்றிருந்த அந்த மாதங்களில், "படிப்பு முடிந்ததுதானே" என்று பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்த குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் இருந்தன. எங்கள் பிள்ளை ஒருத்திக்குத் தேதி குறித்துவிட்டார்கள். அவள் தோழி, எந்தக் குழுவிலும் எழுதாமல், தன் வகுப்பாசிரியைக்கு மட்டும் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். "டீச்சர், அவ போனை எடுக்கல, எனக்குப் பயமா இருக்கு" என்பதற்குமேல் அதில் எதுவும் இல்லை. நாங்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொன்னோம். அதிகாரிகள் வருவதற்கு முன்பே நானும் ஆசிரியையும் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, 18 வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதைப் பாட்டியிலிருந்து தாய்மாமன் வரை எல்லோருக்கும் பொறுமையாகச் சொன்னோம். திருமணம் நின்றது. அவள் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். வேறொரு பிள்ளையின் விஷயத்தில் செய்தியே எங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. அவள் பெயர் சிவப்பு மையில்தான் இருந்தது. அந்த வாரம் யாரும் போகவில்லை. அதை நான் மறக்கவில்லை.

கேள்வி (தமிழாசிரியர், திருப்பூர் மாவட்டம்): பையன்கள் பனியன் கம்பெனிக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். கையில் காசு பார்த்தவனை எப்படித் திரும்ப அழைப்பது?

பதில்: உங்கள் பக்கத்துக்கு வேலைக்கு வந்தவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள் ஐயா. 14 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைப்பதும், 18 வரை ஆபத்தான தொழிலில் அமர்த்துவதும் சட்டப்படி தவறு என்பது நமக்குத் தெரியும். ஆனால் கூலியில்லாமல் இருந்த தகப்பனிடம் அந்த வாக்கியத்தோடு பேச்சைத் தொடங்கினால் அவர் அடுத்த முறை போனை எடுக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அழைத்தோம், அன்றுதான் பையன்களுக்கு ஓய்வு. முதல் சில அழைப்புகளில் படிப்பைப் பற்றியே பேசவில்லை; சாப்பாடு, தூங்கும் இடம், மேஸ்திரி முன்பணம் கொடுத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டோம். முன்பணம்தான் அவர்களைக் கட்டிப்போடுகிறது. அது எவ்வளவு என்று தெரிந்தால், எப்போது கழியும் என்று கணக்குப் போட்டு, அந்த மாதத்தில் அழைக்கலாம்.

இன்னொன்று, பெயரை அடித்துவிடாதீர்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த தந்தையரிடம், "உங்கள் பையன் இன்னும் எங்கள் பையன்தான், வரும்போது வரட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பதும் பத்தும் திறந்தபோது எல்லோரும் வந்துவிடவில்லை. ஆனால் வந்தவர்களில் ஒருவன், புதிதாக எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று தயங்கி வாசலில் நின்றான். பதிவேட்டில் அவன் பெயர் அதே வரிசை எண்ணில் இருந்தது.

கேள்வி (ஓர் இளம் ஆசிரியை): ஒரு நாளைக்கு எத்தனை செய்தி அனுப்பலாம்?

பதில்: ஒன்று. அதுவும் குரல் பதிவாக, ஊர்ப் பேச்சில், ஒரு நிமிடத்துக்குள். எழுத்து வாசிக்கத் தெரியாத பெற்றோர் பலர் இருக்கிறார்கள். நீண்ட சுற்றறிக்கையை அப்படியே குழுவில் போட்டால் அவர்கள் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு அமைதியாகிவிடுவார்கள்.

கேள்வி (பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், முன்னாள் மாணவர்): ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம்?

பதில்: நிறைய. பாடநூல் வழங்கிய நாளும், சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வழங்கிய நாள்களும்தான் எங்களுக்குப் பெற்றோரை நேரில் பார்க்கக் கிடைத்த வாய்ப்புகள். தெருவாரியாக நேரம் பிரித்து, வரிசை நிற்க வைத்து, ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிடமாவது ஆசிரியர் பேசும்படி அந்த நாளை அமைத்துக் கொடுத்தவர்கள் கழகத்தாரும் சத்துணவு அமைப்பாளரும்தாம். சிவப்புப் பெயர்களில் பாதிக்கு அங்கேதான் விடை கிடைத்தது.

கல்லூரி மூடியதால் ஊருக்கு வந்திருந்த முன்னாள் மாணவர்கள் கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் ஐந்தாறு பேராக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி சிலரிடம் நல்ல நிலையில் இருந்தது. அதில் பாடக் காணொளிகளை ஏற்றித் தெருத் தெருவாகக் கொண்டுபோனார்கள். பின்னாளில், தன்னார்வலர்களைக் கொண்டு பிள்ளைகளின் வீட்டருகிலேயே சொல்லிக் கொடுக்க 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதுக்கும் பத்துக்கும் அந்த அண்ணன்களையும் அக்காக்களையும் விட்டால் எங்களுக்கு யாரும் இல்லை. பழைய போன் வாங்கித் தருவதாகச் சிலர் முன்வந்தார்கள். போனைவிட மாதாமாதம் ரீசார்ஜ் செய்து தருவது பெரிய உதவி என்று அவர்களிடம் சொன்னேன்.

கேள்வி (வகுப்பாசிரியை, வேலூர் மாவட்டம்): இரண்டாம் அலையில் தந்தையை இழந்த பிள்ளையிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நான் அழைக்கவே இல்லை. இன்றும் உறுத்துகிறது.

பதில்: அந்தத் தயக்கம் எங்களுக்கும் இருந்தது அம்மா. 2021 மே மாதத்தில் எங்கள் பள்ளியில் மூன்று வீடுகளில் இழப்பு. முதல் நாள் அழைத்தபோது நானும் ஒன்றும் பேசவில்லை, அந்தப் பையன் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு காகித வேலைகளில் உதவினோம். பெற்றோர் இருவரையும் கொரோனாவால் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை என்றும், ஒருவரை இழந்த குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் என்றும் அரசு அறிவித்தது; இறப்புக்கான காரணம் சான்றில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதிலேயே பல குடும்பங்கள் திண்டாடின. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் உடன் அலுவலகத்துக்குப் போனதும் ஆறுதல் வார்த்தையைவிட அவர்களுக்குப் பயன்பட்டன. நீங்கள் இப்போது அழைத்தாலும் அந்தப் பிள்ளை மகிழும். என்ன படிக்கிறாய் என்று கேட்டாலே போதும்.

கேள்வி (ஒரு வாசகர்): இவ்வளவு செய்தும் பிள்ளைகள் படிப்பை மறந்துதானே வந்தார்கள்?

பதில்: மறந்துதான் வந்தார்கள், அதை மறைக்க மாட்டேன். 2021 ஆகஸ்டில், யூனியன் பிரதேசங்களும் சேர்த்து 15 மாநிலங்களில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 பிள்ளைகளிடம் நடத்திய கள ஆய்வில், கிராமப்புறத்தில் ஒழுங்காக இணைய வழியில் படித்தவர்கள் 8 விழுக்காட்டினர், படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 37 விழுக்காட்டினர் என்று வந்தது. எங்கள் ஊர் நிலையும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்து, எங்கள் வகுப்பறையைப் பார்க்காமலே ஏழாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் சொற்களை எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார்கள். நாங்கள் போனில் செய்தது வகுப்புக்கு ஈடாகாது. பள்ளி திறந்த அன்று அந்தப் பிள்ளை வந்து நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்தோம். வந்தால்தானே வாசிக்கக் கற்பிக்க முடியும்?

கேள்வி (தலைமையாசிரியர், கடலோர மாவட்டம்): மழை, புயல் என்று இப்போதும் அடிக்கடி மூடுகிறோம். எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும்?

பதில்: ஜூனிலும் பொங்கல் விடுமுறை முடிந்தும் ஆண்டுக்கு இரு முறை எண்களை அழைத்துச் சரிபாருங்கள், எங்கள் பக்கத்துப் பெற்றோர் பொங்கலுக்குப் பிறகுதான் வேலை தேடிப் பெயர்வார்கள், எண்ணும் அப்போதுதான் மாறும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டாவதாக ஓர் எண், அது அத்தையுடையதோ அண்டை வீட்டாருடையதோ, கட்டாயம் வேண்டும். தெருவாரியாக யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் என்று பிள்ளைகளைக் கொண்டே ஒரு படம் வரையச் சொல்லுங்கள், எங்கள் எட்டாம் வகுப்பினர் ஒரே மதியத்தில் வரைந்துவிட்டார்கள். இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், கணினியில் மட்டும் வேண்டாம். புயலடித்தால் முதலில் போவது மின்சாரம்.